சுட்டிய வரிக்கு மேலே

திரையில் விடை பூஜ்யம் என்று வந்தது.

கொல்லிமலை வளப்பூர் நாட்டில், அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் நானும் என் மாணவியும் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய அப்பாயி மூன்று நாளாகச் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் ஏற்றிய பேச்சு அது. விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு, உரலில் குத்துவது எல்லாமே சாமையைப் பற்றி. அதில் ‘சாமை’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னால், ஒருமுறைகூட இல்லை என்றது பைத்தான்.

“நான்தான் தப்பு பண்ணிட்டனுங்க மேடம்” என்று சொல்லிக்கொண்டே அவள் மடிக்கணினியை மூடப் போனாள். நிரலை எழுதியவள் நான். அவள் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. நாற்பது தாண்டி நிரல் எழுதப் பழகியபோது, சிவப்பு எழுத்து வந்தவுடன் நானும் அதையே சொன்னேன். “தமிழ் டீச்சருக்கு எதுக்குங்க இது? ஆம்பளப் பசங்க சமாச்சாரம்” என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் சிரித்தார். 1946இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள், 1952இல் ஏ-0 கம்பைலரை உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர் என்றெல்லாம் பதில் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது.

சிவப்பு எழுத்தைப் படிக்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. படித்தபின் தெரிந்தது, அதில் திட்டு எதுவும் இல்லை. கோப்பின் பெயர், வரி எண், பிழையின் வகை, ஒரு சிறு விளக்கம். பைத்தான் முதலில் நிரல் முழுவதையும் படித்துத் தன் உள்வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அப்போது இலக்கணம் பிசகினால் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று நின்றுவிடும். சரியாக இருக்கும் முதல் வரிகூட ஓடாது. அது காட்டும் வரியில்தான் பிழை இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குமேல் படிக்க முடியாமல் போன இடத்தையே அது காட்டுகிறது. ஐந்தாம் வரியில் திறந்த அடைப்புக்குறியை நாம் மூட மறந்திருப்போம். குற்றமற்ற ஆறாம் வரி மாட்டிக்கொள்ளும். 2021இல் வந்த 3.10 பதிப்பு, மூடாமல் விட்ட குறியையே சுட்டிக்காட்டுகிறது. என்னிடம் இருப்பதோ பழைய 3.8. எனவே சுட்டிய வரியில் குறை தெரியாவிட்டால் மேல் வரியைப் பார்க்கப் பழகினேன்.

எச்சரிக்கை வேறு. ஒரு வார்த்தை சொல்லி வைக்கும், ஆனால் நிரலைத் தடுக்காது. விடை வந்துவிட்டதே என்று நாம் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

திரையை மேலே நகர்த்தினேன். இருந்தது, ‘சின்டாக்ஸ் வார்னிங்’. ஒப்பிடும் இடத்தில் ‘இஸ்’ என்று எழுதியிருக்கிறதே, இரட்டைச் சமக்குறியை நினைத்தீர்களா என்று கேட்டிருந்தது. எழுத்து ஒன்றா என்று பார்ப்பது இரட்டைச் சமக்குறி. ‘இஸ்’ பார்ப்பது, இரண்டும் கணினியின் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று. அப்பாயியின் சாமையும் நான் நிரலில் எழுதிய சாமையும் எழுத்தால் ஒன்று, இருக்குமிடத்தால் இரண்டு. மாற்றி ஓடவிட்டோம். 41 என்றது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மேடம், அப்பாயி ‘சாமைய’ன்னும் ‘சாமைக்கு’ன்னும் சொன்னாங்களே, அது சேரலைங்களே.” சேரவில்லைதான். இதற்குப் பிழைச்செய்தியும் வரவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. கண்டுபிடித்தவள் அவள்.

வழு, வழாநிலை, வழுவமைதி என்று நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகப் பிரித்துச் சொல்வேன். ஆனால் இதே பெண் முதல் பருவத்தில் எழுதிய கட்டுரையில், அவள் வீட்டுச் சொற்களை வட்டமிட்டு ‘பிழை’ என்று மட்டும் எழுதியிருந்தேன். என்ன வகை, ஏன், என்ன சொல்ல நினைத்தாய், எதுவும் கேட்கவில்லை. இந்த இயந்திரம் கேட்ட அளவுக்குக்கூட நான் அவளைக் கேட்டதில்லை. தான் எழுதாத நிரலுக்கு அவள் பழி ஏற்றது இந்தத் திண்ணையில் தொடங்கியதல்ல. அதற்கு மேலே பல வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் சிவப்பு மை. அதை அவளிடம் சொன்னேன். “அதெல்லாம் பரவால்லைங்க மேடம்” என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அந்தச் சொல்லு தப்பில்லைங்க” என்றாள்.

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிவைத்தேன். ‘சாமை’ என்று தொடங்கும் எல்லாச் சொல்லையும் எண்ணும்படி அவளே மாற்றி எழுதினாள்.

உள்ளிருந்து அப்பாயி, “வா ராசா, சோறு ஆறுது” என்றார். பெண்ணை ராசா என்பது பால் வழுவமைதி. உவப்பினால் பொறுத்துக்கொள்ளும் வழு என்று சொல்லிக்கொடுப்பேன். உவப்பில் ஏன் என்று இதுவரை ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அவள் எழவில்லை. திரையில் மறுபடி சிவப்பு. குனிந்து படித்தாள்.

“ஒன்பதாம் வரிங்கிது மேடம். இருங்க, எட்டாம் வரியப் பாக்கறேன்.”