கோலி சோடாவில் கேஸ் நிற்பது

கோலி சோடா பாட்டிலுக்குத் தனியாக மூடி கிடையாது. உள்ளே அடைத்த கேஸே (கரியமில வாயு) கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. கேஸ் குறைந்தால் கோலி நழுவும். நழுவினால் மிச்சமும் போயிற்று. இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் இது. காஞ்சிபுரத்தில் வைகாசி வெயிலில் வரதராஜர் கருடசேவைக்கு நிற்பவருக்கு, நீர்மோருக்கு அடுத்தபடி சோடாதான்.

கை மெஷினில் வேலை எளிது போலத் தோன்றும். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரும்புக் கூண்டில் மாட்டி, கேஸ் சிலிண்டரைத் திறந்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றுவார்கள். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கடகடவென்று வாய்ப்பக்கம் உருண்டு வந்து அடைத்துக்கொள்ளும். சுற்றுவது கோலிக்காக மட்டுமல்ல. அசையாத தண்ணீரில் மேற்பரப்பு வழியாக மட்டுமே கேஸ் இறங்கும். குலுங்கும்போதுதான் சீக்கிரம் கரையும். நாலு சுற்றில் நிறுத்திவிட்டால், திறந்ததும் பெரிய சத்தம் வரும், நாக்கில் சுருக்கென்று இருக்காது.

அடுத்தது சூடு. சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவை ஏற்கும். 30 டிகிரியில் 0.7 லிட்டர்கூட ஏற்காது. ஆகவே வெந்நீர் போலக் கிடக்கும் தொட்டித் தண்ணீரில் அதே காரம் வர, இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டுவதைவிடத் தண்ணீரைக் குளிர்விப்பதே புத்திசாலித்தனம்.

வீட்டில் பீர் காய்ச்சும் நாடுகளில் சிலிண்டர் இல்லாமலே பாட்டிலில் கேஸ் ஏற்றுகிறார்கள். அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்த்தால், மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கேஸை விடும். சர்க்கரை மிகுந்தால் பாட்டில் வெடிக்கும். ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் சோடாத் தண்ணீர் செய்ததும் லீட்ஸ் நகர பீர் ஆலைத் தொட்டி மேல் தங்கிய கேஸில்தான். அவ்வளவு தூரம் போவானேன்? வரதராஜர் கோயிலில் மூங்கில் குடலையில் வேகும் இட்லியின் மாவைப் பொங்கவைப்பதும் இதே கேஸ்தான். அங்கேயும் அது நுண்ணுயிர்களின் வேலை.

கேஸ் நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் வளையம். வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டதும் கொக்கியால் பிடுங்கிப் புதிது மாட்ட வேண்டும். வாய்க்கண்ணாடி சிறிது பெயர்ந்திருந்தாலும் கசியும். நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் கோலியைச் சுற்றிப் பொடிக் குமிழி காட்டிக்கொடுக்கும். கழுவுவதுதான் இந்தப் பாட்டிலின் உண்மையான குறை. கோலி வழியை மறிப்பதால் பிரஷ் உள்ளே போகாது.

திரும்பத் திரும்ப வந்த பாட்டிலில் கீறல்கள் சேரும். கேஸ் ஏறும் நேரத்தில் அந்தப் பாட்டில் வெடிக்கலாம். கூண்டுக்குத் தகரத் தடுப்பும் கைக்குக் கனத்த உறையும் இருப்பது அதனால்தான்.