வரைவதற்கு முன்பே எழுதப்பட்ட எடை

கப்பல் வடிவமைப்பாளரின் மேசைக்கு வரைபடத்தை முந்திக்கொண்டு வருவது எடைப் பட்டியல். உடல் எஃகு, இயந்திரம், மின்சாரம், உள்சாமான் என்று வரி வரியாகப் போகும். ஒவ்வொரு வரிக்கும் எடையோடு, அது அடிக்கட்டையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பதும் உண்டு. கேபிள், பெயின்ட், வெல்டிங்கில் சேரும் உலோகம் மூன்றும் மதிப்பிட்டதைவிடக் கூடுதலாகத்தான் வந்து சேரும். போர்ட் கிள்ளானுக்கு ஓர் இழுவைப் படகு வரைந்தாலும் இதே கதைதான். அதனால்தான் பட்டியலின் அடியில், எந்தப் பொருளுக்கும் சேராத ஒரு வரியை விட்டுவைப்போம்: கையிருப்பு எடை. பணம் போடுகிறவர்கள் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான். பிரிட்டன் 1966இல் ரத்து செய்த சிவிஏ-01 விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிய என் வாதம் அந்த ஒரு வரியைப் பற்றியது. இன்றும் ஆர்வலர்கள் வியந்து பேசும் அதன் நுட்பங்களில் பல, முன்கூட்டியே விதித்த ஓர் எண்ணுக்குள் கப்பலை அடக்கப் பட்ட பாடு என்றே நான் படிக்கிறேன்.

மலேசியாவின் டெங்கிலில் இருக்கும் எனக்கு அந்தக் கப்பலோடு என்ன உறவு என்று கேட்கலாம். அது பெரிதும் நம் பக்கத்துக் கடல்களை மனத்தில் வைத்து வரையப்பட்டது. பிரிட்டன் அதைக் கட்டப்போவதாக அறிவித்தது 1963 ஜூலையில். மலேசியா உருவானது அதே ஆண்டு செப்டம்பரில். இந்தோனேசியாவுடனான கன்ஃப்ரன்டாசி மோதலின்போது பிரிட்டனின் ஆல்பியன் கப்பல் சரவாக்குக்கு ஹெலிகாப்டர்களைக் கொண்டுவந்தது. 1964 ஆகஸ்டில் விமானந்தாங்கிக் கப்பல் விக்டோரியஸ் சுண்டா நீரிணையைக் கடந்தபோது ஜகார்த்தா கொதித்தது. விக்டோரியஸ் போன்ற பழைய விமானந்தாங்கிகளின் இடத்துக்குத்தான் சிவிஏ-01 வரவிருந்தது.

ஆய்வு வடிவங்கள் 40,000 டன்னைச் சற்றே தாண்டியதிலிருந்து 60,000 டன்னுக்கு மேற்பட்டது வரை இருந்தன. அவற்றில் ஒரு கணக்கு எங்கள் தொழிலின் பாலபாடம்: 42,000 டன் கப்பல் 27 விமானங்களைத் தாங்கும், 55,000 டன் கப்பல் 49ஐத் தாங்கும். எடை மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை, விமானங்களோ எண்பது சதவீதம் ஏறிவிட்டன. காரணம் எளிது. ரேடார், கவண், சமையலறை, கட்டளை அறை எல்லாம் சிறிய கப்பலிலும் வேண்டும். பெரிதாக்கும்போது சேர்வது பெரும்பாலும் வெறும் எஃகும் காலி இடமும். போர்க்கப்பலில் ஆக மலிவான சரக்கு அவைதான். ஆனாலும் முடிவு 53,000 டன்னைச் சுற்றியே கட்டிப்போடப்பட்டது. அதற்குள் ஃபான்டம், புக்கனீர் என்று முழுச் சுமையில் 25 டன்னைத் தாண்டும் விமானங்கள் முப்பதுக்கு மேல் ஏற வேண்டும். போதாக்குறைக்கு, கூடவே வரும் டைப் 82 நாசகாரிகளில் இருக்கப்போகும் சீ டார்ட் ஏவுகணை இதிலும் இருக்க வேண்டும்.

தளத்தைப் பாருங்கள். விக்டோரியஸில் விமானம் இறங்கும் பாதை கப்பலின் நடுக்கோட்டுக்கு எட்டுப் பாகைக்கும் மேலான சாய்வில் ஓடியது. அந்தச் சாய்வு தளத்தைக் குறுக்கே வெட்டி, இரு முனைகளிலும் எதற்கும் உதவாத முக்கோணங்களை விட்டுவைக்கும். சிவிஏ-01இல் பாதையை இடப்பக்கம் தள்ளி, சாய்வைப் பெயரளவுக்குக் குறைத்தார்கள். வலப்பக்கம் முழுதும் விமானங்களை நிறுத்தவும் நகர்த்தவும் ஒரு நீண்ட பட்டை கிடைத்தது. கட்டளைக் கோபுரத்தை ஓரத்திலிருந்து உள்ளே இழுத்து, அதற்கு வெளிப்புறமாகவும் ஒரு வழி விட்டார்கள். அதற்கு வைத்த செல்லப்பெயர் அலாஸ்கா நெடுஞ்சாலை. இறங்கும் பாதையைத் தொடாமலேயே விமானத்தைப் பின்னிருந்து முன்னுக்குக் கொண்டுபோகலாம். அழகான தீர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அகலத்தின் கடைசி அடி வரை செலவழித்த தளம் அது. நாளை விமானத்தின் இறக்கை நீண்டால் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கோபுரத்தின் உச்சியிலோ டச்சுக்காரர்களோடு கூட்டாகச் செய்யவிருந்த 988 ரேடார். உச்சியில் ஏறும் ஒவ்வொரு டன்னும் கப்பலின் நிமிர்வைத் தின்னும். சுழல்தண்டுகள் மூன்று. அது புதிதல்ல, விக்டோரியஸிலும் மூன்றுதான். ஆனால் இந்த அளவுக் கப்பலுக்கு அமெரிக்கர்கள் நான்கு வைத்தார்கள். வேகமும் மணிக்கு 30 கடல் மைலை எட்டவில்லை.

வரம்பு இல்லாமல் வடிவமைப்பே இல்லை, கப்பல் டாக்குக்குள் போக வேண்டாமா என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயம்தான். ஆனால் டாக் கேட்பது நீளம், அகலம், மிதவை ஆழம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் 1938இல் திறந்த கிங் ஜார்ஜ் டாக் ஆயிரம் அடி நீளம்; அது கல்லாலான வரம்பு, அதற்குப் பணிந்துதான் ஆக வேண்டும். டன் எண்ணிக்கை காகித வரம்பு. அதை இட்டால் விலை குறையும் என்று கருவூலம் நம்பியது. ஆனால் நெருக்கமான கப்பலில் குழாய் வளைக்கவும் கேபிள் இழுக்கவும் ஆகும் கூலி, மிச்சம் பிடித்த எஃகின் விலையை விழுங்கிவிடும்.

சிறிய கப்பலும் போதும் என்று இந்தியாவின் விக்ராந்தைச் சொல்லி மடக்குவோரும் உண்டு. போருக்குப் பின் அரைகுறையாக நின்றுபோன ஹெர்குலிஸை இந்தியா 1957இல் வாங்கி, சாய்தளமும் நீராவிக் கவணும் வைத்து, 1961இல் விக்ராந்த் என்ற பெயரில் படையில் சேர்த்தது. 20,000 டன்னுக்குள் அடங்கிய அந்தக் கப்பல் 1971இல் வங்கக் கடலில் போரிட்டது. 1997 வரை படையில் இருந்தது. உண்மை. ஆனால் அது போரவசரத்தில், குறைந்த ஆயுதங்களோடு எளிமையாக வரைந்த உடல். உள்ளே இடம் மிச்சமிருந்தது. அது தாங்கிய சீ ஹாக், ஃபான்டத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வலுவான மறுப்பு ஒன்றுதான்: கப்பலைக் கொன்றது வடிவம் அல்ல, அரசியல். 1966 பிப்ரவரி 22 வெள்ளை அறிக்கை, தரைத்தளங்களிலிருந்து பறக்கும் எஃப்-111 போதும் என்றது. கடற்படை அமைச்சர் மேயூவும் கடற்படைத் தலைமைத் தளபதி லூஸும் பதவி விலகினார்கள். எட்டும் தூரத்தைச் சரிக்கட்ட விமானப்படை ஆஸ்திரேலியாவையே வரைபடத்தில் நகர்த்திவிட்டது என்பது கடற்படைக்காரர்கள் அலுக்காமல் சொல்லும் கதை. 1968இல் அந்த எஃப்-111ஐயும் ரத்து செய்தார்கள். ஆகவே சாவுக்குக் காரணம் அரசியல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோய் அதற்கு முன்பே இருந்தது: ரத்துச் செய்தி நிம்மதி தந்ததாக வடிவமைப்பை முன்னின்று நடத்தியவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே விதித்த எண்ணுக்குள் அடக்கும் அந்தப் பழக்கமும் கப்பலோடு போகவில்லை. சீ டார்ட்டைச் சுமக்க அடுத்து வந்த டைப் 42 நாசகாரிகளின் முதல் தொகுதியைச் செலவு குறைக்க 125 மீட்டருக்கு நறுக்கினார்கள். உள்ளே நெரிசல், முன்தளத்தில் ஓயாமல் அலை. மூன்றாம் தொகுதியை 141 மீட்டருக்கு நீட்டினார்கள். நீட்டிய உடல் தாங்காமல், பிறகு பக்கவாட்டில் எஃகுப் பட்டை வைத்து வலுவூட்ட வேண்டிவந்தது.