கட்டிக்கொடுத்த பெண்ணும் ஜாவாவும்

கண்ணுகளா, பேத்தி ஜாவா படிக்கிறாள். கூட உட்கார்ந்து நானும் படிக்கிறேன்.

நம்ம ரேஷன் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளுக்கு ஒரு டேபிள், ஆட்களுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆளின் வரியில் அட்டை எண் இருக்கும். அதைப் பிடித்து ஹைபர்னேட் என்ற கருவி, அட்டைக்குள் ஆட்களைப் பட்டியலாக அடுக்கித் தரும். கெட்டிக்கார வேலையாள்தான். ஆனால் 'ஆர்ஃபன் ரிமூவல்' என்று போட்டுவிட்டால், பட்டியலிலிருந்து எடுத்த ஆளின் வரியை டேபிளிலேயே அழித்துவிடும். மளிகைக் கடை பில்லில் வேண்டாத சாமானுக்கு அது சரி.

ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு? பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். அவள் வரி அப்படியே நிற்க வேண்டும். அட்டை எண் மட்டும் மாற வேண்டும். அழித்துவிட்டால் இரண்டு வீட்டிலும் அவள் இல்லை, அரிசியும் இல்லை.

'ஆர்ஃபன்' என்றால் அநாதையாம். கட்டிக்கொடுத்த பிள்ளையை அநாதை என்று நம்ம ஊரில் சொல்லிப் பாருங்கள், விளக்குமாறுதான் வரும்!