‘கோ’வுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ஒலி

‘கோ’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உதடு குவிந்து, ஓசை முடியும் வரை அப்படியே நின்றதா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஊர் ஆள்தான். லண்டன்காரர் சொன்னால் உதடு நிற்காது. வாயைப் பாதி திறந்து தொடங்கி, உகரத்தில் கொண்டுபோய் முடிப்பார். ‘டே’ என்பதும் அப்படித்தான். எகரத்தில் தொடங்கி இகரத்தில் முடியும்.

இப்படி ஒரே அசைக்குள் ஓர் உயிரொலியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதை ‘டிப்தாங்’ என்கிறார்கள். பாடப்புத்தகங்கள் சொல்லித்தரும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் இவை மொத்தம் 8.

தமிழுக்கு இது புதிதல்ல. நம்முடைய ஐ, ஔ இரண்டும் இந்த வகைதான். அதனால்தான் ‘டைம்’, ‘மை’ போன்ற சொற்களில் நாம் தடுமாறுவதில்லை. ஆனால் ஏ, ஓ இரண்டையும் நேராக இழுத்தே பழகியவர்கள் நாம். ‘ஹோம்’, ‘ரோடு’, ‘டே’ எல்லாம் நம் வாயில் நேர்கோடாகவே வரும்.

இந்தச் சின்ன வழுக்கலுக்காகத் தலைகுனிந்தவர்களும் உண்டு. கீழ் கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஹட்டியில் வளர்ந்த அந்த இளம்பெண்ணும் அவர்களில் ஒருவர். வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். கோவையில் ஒரு வேலைக்கான நேர்காணலில் அவர் ‘ஹோம்’ என்று சொன்னதும் எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். வேலை கிடைக்காதது பெரிதாக வலிக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் மறக்கவில்லை. தம்பிக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

பல நாள் கழித்து, ஃபோனில் எதையோ தேடும்போது ஒரு தகவல் அவர் கண்ணில் பட்டது. அமெரிக்க மொழியியலாளர் எம்.பி.எமனோ, படுக மொழியின் உயிரொலிகளுக்கென்றே 1939-ல் ஒரு தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் கவனித்தது இதுதான்: படுக மொழியில் ஓர் உயிரொலியை நாக்கை வளைக்காமலும், பாதி வளைத்தும், முழுக்க வளைத்தும் சொல்லலாம். சொல்லும் விதம் மாறினால் பொருளும் மாறும். ‘பெ’ என்று நேராகச் சொன்னால் வாய். பாதி வளைத்தால் வளையல். முழுக்க வளைத்தால் பயிர். தமிழில் ளகரமும் ழகரமும் செய்கிற வேலையை அங்கே உயிரொலியே செய்துவிடுகிறது. உலக மொழிகளில் இது மிக அபூர்வம். இன்றைய பேச்சில் இந்த வேறுபாடு மங்கிவருகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இவ்வளவு நுட்பம் தெரிந்த மொழியில் வளர்ந்த நாக்குக்கா ஒரு ‘ஹோம்’ வராது?

இன்னொன்றும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் ‘கோ’, ‘டே’ இரண்டையும் நம்மைப் போலவே நேராகத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சிரிப்பதில்லை. ‘லெட்’, ‘லேட்’ இரண்டையும் நாம் குறில், நெடிலாகப் பிரித்துச் சொல்வதால் கேட்பவருக்குப் பொருளும் குழம்பாது.

அப்படியானால் பழக வேண்டாமா? தேவைப்பட்டால் தாராளமாகப் பழகலாம். ஓ சொல்லி முடிக்கும் முன் உதட்டை இன்னும் கொஞ்சம் குவியுங்கள். ஏ சொல்லி முடிக்கும்போது தாடையைச் சற்றே மேலே கொண்டுபோய், லேசாக ஓர் இகரத்தைத் தொடுங்கள். கண்ணாடி முன் நின்று தினமும் பத்து நிமிடம் சொல்லிப் பார்த்தால் போதும். இது பழக்கம்தான், அறிவுக்கு வைக்கும் பரீட்சை அல்ல.

அந்தப் பெண் இப்போது மறுபடியும் தம்பிக்குப் பாடம் சொல்லித்தருகிறார். கண்ணாடி முன் பயிற்சியும் நடக்கிறது. அதோடு, பாட்டி பேசுவதை அவ்வப்போது ஃபோனில் பதிவு செய்து வைக்கிறார். ஆங்கில உச்சரிப்பை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். பாட்டியின் வாயில் இருக்கும் ஒலி போய்விட்டால், அதைச் சொல்லித்தர எந்த வகுப்பும் இல்லை.