இரு முனையும் இசைதல்

கணினிக்கு வாயும் செவியுமாய் அமைந்தது வலையமைப்பு அட்டை. அதனை ஆளும் மென்பொருளை இயக்கி என்பர். இவைபற்றித் தமிழாசிரியர் எழுதுதல் விந்தையெனச் சிலர் கருதலாம். ஆசிரியர் தொகை சுருங்கிய மலையகப் பாடசாலைகளில் இலக்கணம் கற்பிப்பவரே கணினி அறையின் திறவுகோலையும் சுமக்க நேர்வதுண்டு. கொத்மலையில் நமக்கும் அப்பணி வாய்த்தது.

இம்மண்ணுக்கு இணையம் புதியதன்று. 1989 இல் எழுந்த கொத்மலைச் சமுதாய வானொலி, யுனெஸ்கோவின் துணையால் 1990களின் இறுதியிலேயே இணைய இணைப்பைப் பெற்றது. நேயர் வினா விடுப்பர். அறிவிப்பாளர் வலையில் விடை தேடி ஒலிபரப்புவர்.

நம் அறையிலிருந்த ஆறு கணினிகளோ, அன்பர் ஒருவர் உவந்தளித்தவை. சிறு செய்தி தடையின்றிச் செல்லும். பழைய வினாத்தாள் ஒன்றை இறக்குவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். வடத்தை மாற்றினோம், பயனில்லை. "நமக்கு வர்றது இப்படித்தானே, சேர்" என்றான் லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன். அச்சொல் நம்மை உறுத்தியது.

சாதன முகாமையாளரைத் திறந்து, அட்டையின் மேம்பட்ட அமைப்புகளை நோக்கினோம். வேகமும் போக்கும் குறித்த இடத்தில், '100 மெகாபிட், முழு இருவழி' என முன்னர் யாரோ நிலைநிறுத்தியிருந்தனர். மறுமுனையிலுள்ள ஆளியோ 'தன்னியக்க இணக்கம்' என்னும் நிலையில் இருந்தது. இத்தகைய நிலையில் ஆளி வேகத்தை உணரும், போக்கை உணராது. ஆதலின் விதிப்படி அரை இருவழியையே கொள்ளும். கணினி கேட்டுக்கொண்டே பேசும். ஆளி அதனை மோதலெனக் கருதித் தன் பேச்சை இடையில் நிறுத்தும். சிறு செய்தி தப்பும், பெருங்கோப்பு சிதையும்.

பழைய அமைப்பைக் குறித்துவைத்துக்கொண்டு, கணினியையும் தன்னியக்க இணக்கத்துக்கு மாற்றினோம். வினாத்தாள் சில நொடிகளில் வந்தது. எஞ்சிய ஐந்தையும் அம்மாணவனே திருத்தினான். இரு முனையையும் தன்னியக்கமாக விடுதல் வேண்டும். நிலைநிறுத்துவதாயின் இரண்டையும் ஒருபடித்தாய் நிலைநிறுத்தல் வேண்டும். ஒரு முனையை மட்டும் உயர்த்துதல் கேடாகும்.

அவன் ஊழெனக் கொண்டது வெறும் அமைப்புப் பிழையே. மலையகப் பள்ளிகளுக்குக் கணினி வழங்க முன்வரும் பழைய மாணவ அன்பர்களே, பொருளோடு ஒருநாட் பொழுதையும் ஈமின். நேரில் வந்து, மறுமுனையோடு அது இசைகின்றதா எனப் பார்த்துச் செல்மின். அதன்பின்னரே உங்கள் கொடை நிறைவுறும்.