கூடிக் கற்போர்

சென்னை ஐ.ஐ.டி. முதலியன நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையவழியே பயில்வோர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்களாயினும், வாராந்தர அசைன்மெண்டின் கெடு நெருங்கும் இரவில் பரஸ்பரம் செய்துகொள்ளும் சகாயத்தைக் காணுந்தோறும் என் மனம் பெரிதும் சந்தோஷமடைகிறது. சென்ற வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், பைத்தான் நிரலில் வரியின் தொடக்கத்து இடைவெளி பிசகியதால் எழுந்த பிழையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு பெண் இட, நாள் முழுதும் வேலை பார்த்துக் களைத்திருந்த இன்னொருவர், விடையைச் சொல்லிவிடாமல், "சிஸ்டர், ஏழாவது வரியைப் பாருங்க" என்று மட்டும் எழுதினார். என்ன அருமையான பதில்! விளக்கப் புகுந்தவருக்கே பாடம் முதலில் தெளிவாகிறது என்பதை அங்கே பிரத்தியட்சமாகக் கண்டேன். விடைகளையே மொத்தமாகப் பகிர்வதை மட்டும் ஒத்துழைப்பென்று நான் ஒப்பேன். சான்றிதழ் மதிப்பெண்ணில் பொதுவாக நூற்றுக்கு 75 நேரில் சென்று எழுதும் தேர்வுக்கே உரியதாகையால், அங்கே இரவல் விடை எவருக்கும் உதவாது.