அப்பத்தா சொன்னதும் என் பழைய கம்ப்யூட்டரும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு மாணவி பேசினாள். "சார், ஏழாவது படிக்கும்போது எங்க அப்பத்தாகிட்ட கேட்டு மழையைப் பத்தி எழுதிக் குடுத்தேன்ல, அது இருக்கா? அப்பத்தா தவறிட்டாங்க சார். ஒரு போட்டோகூட சரியா இல்ல."

"இருக்கும்மா, கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

2003-இல் உங்களுக்கெல்லாம் அந்த வேலை கொடுத்தது நினைவிருக்கும். கண்மாய், மடை, கலுங்கு, கம்பு, குதிரைவாலி என்று நம் திருச்சுழிப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். நாற்பது பேர் கொண்டுவந்தீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் ராத்திரி ராத்திரியாக டைப் செய்தேன். "அதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே" என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிச் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் தேதி தப்பு, எஃப்1 அழுத்து என்று நின்றது. உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்தால் தேதியும் அமைப்புகளும் மறந்துபோகும். அருப்புக்கோட்டையில் வாங்கி மாற்றியதும் விண்டோஸ் வந்தது. ஃபைலும் இருந்தது!

அதை வெளியே எடுப்பதுதான் பாடு. பென் டிரைவைச் செருகினால் டிரைவர் கேட்டது. விண்டோஸ் 98-இல் அதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். டிரைவரை ஏற்ற சி.டி. வேண்டும், சி.டி. தட்டோ திறக்கவில்லை. ஃபிளாப்பியில் எழுதலாம் என்றால் இருந்த நாலும் பூஞ்சை பிடித்துக் கர்ர் கர்ர் என்றன.

தங்கை மகன் வந்தான். "மாமா, அதோட மல்லுக்கட்டாதீங்க. ஹார்ட் டிஸ்கைக் கழட்டிருவோம்" என்றான். 40 பின் உள்ள பழைய ஐடிஈ டிஸ்க். அதை யுஎஸ்பியில் சேர்க்கும் அடாப்டரும், தனியாகக் கரண்ட் கொடுக்கும் வயரும் கொண்டுவந்து அவன் லேப்டாப்பில் மாட்டினான். கால் மணி நேரத்தில் எல்லா ஃபைலும் வந்துவிட்டது.

திறந்தால் ஒரு எழுத்து தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. "ஃபைல் கெட்டுப்போச்சு மாமா" என்றான். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. நான் டைப் செய்தது பாமினி எழுத்துருவில். அதில் "அம்மா" என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தைத்தான். அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. அது இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வகுத்தார்கள். அதன் பிறகும் என்னைப்போன்ற பலர் பழகியதை விடவில்லை. இன்று நாம் போனில் எழுதும் யூனிகோடில்தான் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே குறியீடு.

பழைய டிஸ்கில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருந்தது. அதை லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்து ஃபைலைத் திறந்தோம். நாற்பது வீட்டுப் பெரியவர்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் கொண்டு அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றினோம். இடையில் ஆங்கிலத்தில் அடித்த சில சொற்கள் மட்டும் உளறலாகிவிட்டன, கையால் திருத்தினேன்.

அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: "மழையைச் சத்தத்தை வைத்து அளக்கக் கூடாது. மண்ணைத் தோண்டி, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கலப்பை இறங்கும் அளவு நனைந்திருந்தால்தான் அது ஓர் உழவு மழை."

வாசித்ததும் சுருக்கென்றது. நம் ஊர் அப்பத்தா இப்படியா பேசியிருப்பார்? அந்தப் பிள்ளை அவர் பேச்சை அப்படியே எழுதி வந்திருந்தாள். டைப் செய்யும்போது "நல்ல தமிழாக" திருத்தியது நான். கம்ப்யூட்டர் இருபது வருடம் கழித்தும் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டது. அப்பத்தா பேச்சைத் தொலைத்தது வாத்தியார்தான். ஒத்துப்பார்க்க நோட்டும் இல்லை.

மாணவிக்கு அனுப்பி இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பரவால்ல சார். அப்பத்தா பேசுற மாதிரி நான் மாத்தி வாசிச்சுக்கிறேன்" என்றாள்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் எடைக்குப் போடுமுன் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். ஃபைலோடு எழுத்துருவையும் எடுங்கள். யூனிகோடுக்கு மாற்றிப் பிரிண்டும் எடுங்கள். கையால் எழுதிய தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னதை அனுப்பி வைக்கிறேன். அவர் எப்படிப் பேசுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். திருத்தித் திருப்பி அனுப்புங்கள். இந்தத் தடவை நான் கை வைக்க மாட்டேன்.